வழி வரைந்த கையும் வழி காட்டும் அம்பும்

சிறுவர் ஆட்டத்தைப் பற்றிப் பெரியோர் பேசுவது தகுமா என்று கேட்போர் இன்றும் உளர். இளமையில் ஆடி முடித்த கணிப்பொறிச் சாகச விளையாட்டுகளைத் தலை நரைத்த பின்னர் மீண்டும் எடுத்து, அவற்றின் அறைகளையும் குகைகளையும் காடுகளையும் கட்டத் தாளில் வரைந்துகொண்டிருப்போரைக் கண்டால் அவர்கள் நகைக்கின்றனர். வேலையற்றோர் வேலை என்பது ஒரு பழி. வளராத பிள்ளைமை என்பது மற்றொரு பழி. இறந்த காலத்தைக் கட்டியழும் ஏக்கம் என்பது மூன்றாவது பழி. "ஆயத்த வரைபடம் அச்சிலே கிடைக்கிறது, புதிய விளையாட்டுகளிலோ திரையிலேயே அம்புக்குறி வழி காட்டுகிறது, பின்னர் இந்தப் பென்சிலும் தாளும் எதற்கு?" என்பது அவர்தம் வினா.

வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. அவ்விளையாட்டுகளில் வரைபடம் விளையாட்டிற்குத் துணைக்கருவி அன்று, வரைபடமே விளையாட்டு. அதனைப் பிறர் கையிலிருந்து ஆயத்தமாகப் பெற்றவர் அவ்விளையாட்டை ஆடியவர் அல்லர். ஆயத்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இளமைக்கால விளையாட்டிற்குத் திரும்புவோரும் உண்மையில் திரும்பியவர் அல்லர். இதனை நிறுவ வேண்டுமாயின், இவ்விளையாட்டு பிறந்த இடத்திற்கே முதலில் செல்லுதல் வேண்டும்.

குகையில் பிறந்த விளையாட்டு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகை, உலகில் இதுவரை அறியப்பட்ட குகைகளுள் மிக நீளமானது. அளந்து குறிக்கப்பட்ட வழிகள் மட்டுமே 680 கிலோமீட்டரைத் தாண்டும். 1838இல் அக்குகைக்கு வழிகாட்டியாகக் கொண்டுவரப்பட்டவர் ஸ்டீபன் பிஷப். அவர் ஓர் அடிமை. பிறர் அஞ்சி நின்ற ஆழ்குழியைக் கடந்து, அதற்கு அப்பால் மனிதர் அறியாதிருந்த வழிகளைக் கண்டவர் அவரே. 1842இல், குகைக்கு வெளியே ஒரு வீட்டில் அமர்ந்து, தம் நினைவிலிருந்தே அவர் அக்குகையின் வரைபடத்தை வரைந்தார். சில ஆண்டுகளில் அஃது அச்சேறியபோது, அதனை வரைந்தவர் என்று அவர் பெயரே குறிக்கப்பட்டது. தம் உடலும் தமக்கு உரிமையாகாத நிலையில் வாழ்ந்த ஒருவருக்கு, தாம் நடந்து கண்ட வழி மட்டும் உரிமையாயிற்று. வரைபடம் வரைதலை வேலையற்றோர் வேலை என்போர் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

அதே குகைத் தொகுதியை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னர் அளந்தோருள் வில் கிரௌதரும் அவர் மனைவி பட்ரீசியாவும் குறிப்பிடத்தக்கவர். 1972 செப்டம்பரில் பிளிண்ட் ரிட்ஜ் குகைத் தொகுதிக்கும் மாமத் குகைக்கும் இடையிலான நிலத்தடி இணைப்பைக் கண்டறிந்த குழுவில் பட்ரீசியா இருந்தார். வில் கிரௌதர் கணிப்பொறி நிரலர். இன்றைய இணையத்திற்கு முன்னோடியான வலையமைப்பை உருவாக்கிய நிறுவனத்தில் பணியாற்றியவர். மணமுறிவுக்குப் பின், தம்மைப் பிரிந்து வாழ்ந்த பெண்மக்கள் தம்மிடம் வரும்போது மகிழ வேண்டும் என்று கருதி, 1975, 1976ஆம் ஆண்டுகளில் அவர் ஒரு விளையாட்டை எழுதினார். அதில் படம் இல்லை, ஒலி இல்லை, சொற்களே இருந்தன. கணிப்பொறி ஓர் இடத்தைச் சொற்களால் வருணிக்கும். ஆடுபவர் ஓரிரு சொற்களில் கட்டளை இடுவார். அடுத்த இடத்தின் வருணனை வரும். அவ்வளவே. அவ்விடங்கள் பல, கிரௌதர் தவழ்ந்தும் ஊர்ந்தும் அளந்த உண்மைக் குகையின் இடங்களே.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டான் வுட்ஸ் அதனைக் கண்டு, கிரௌதரின் இசைவு பெற்று, 1977இல் விரிவாக்கினார். அவ்வடிவில் 140 இடங்களும் 293 சொற்களும் இருந்தன. முழு வெற்றிக்கு 350 புள்ளி. சாகச விளையாட்டு என்னும் வகைக்கே 'அட்வென்ச்சர்' என்ற அதன் பெயர்தான் பெயராயிற்று.

இதன் வரிசையை ஊன்றி நோக்குதல் வேண்டும். முதலில் இருந்தது குகை. அளவையாளர் அதனை வரைபடமாக்கினார். வரைபடம் சொற்களாக மாறி விளையாட்டாயிற்று. அச்சொற்களைப் படித்தவர் மீண்டும் அவற்றை வரைபடமாக்கினார். தந்தை எந்தக் கையால் குகையை அளந்தாரோ, அந்தக் கையின் வேலையையே விளையாட்டு மக்களிடம் கேட்டது. அவ்வேலையை நீக்கிவிட்டு எஞ்சியதை விளையாட்டு என்பது, கரும்பின் சாற்றை வேறொருவர் பருகிவிட்ட பின் சக்கையைக் கையில் கொடுத்து, இதுவே கரும்பு என்பதனை ஒக்கும்.

பென்சில் செய்த பணி

அவ்வரைபடம் எவ்வாறு வரையப்பட்டது? ஓர் இடத்திற்கு ஒரு கட்டம். ஒரு வழிக்கு ஒரு கோடு. கோட்டின் முனையில் திசையின் பெயர். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆயினும், வடக்கே சென்றவர் தெற்கே திரும்பினால் புறப்பட்ட இடத்திற்கு வருவார் என்பது அக்குகையில் உறுதியன்று; வழி இடையிலே வளைந்திருக்கும். சில வழிகள் போகவே உதவும், மீள உதவா. கையிலுள்ள விளக்கோ குறிப்பிட்ட எண்ணிக்கையான செயல்களுக்குப் பின் அணைந்துபோகும். ஆகவே வீணாக வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு.

எல்லாவற்றினும் கடியது புதிர்ப்பாதை. அங்கே எந்த இடத்திற்குச் சென்றாலும் ஒரே வருணனைதான் வரும். ஓர் இடத்தை மற்றோர் இடத்திலிருந்து பிரித்தறியச் சொல் உதவாதபோது, ஆடுபவர் என் செய்வார்? கையிலிருக்கும் பொருள்களை இடத்திற்கு ஒன்றாகக் கீழே வைத்துக்கொண்டே செல்வார். சாவி கிடந்தால் அது முதலிடம்; உணவு கிடந்தால் அஃது இரண்டாமிடம். தமக்கென ஓர் அடையாள முறையைத் தாமே படைத்துக்கொண்டு இருளை வென்ற சிறுவனும் சிறுமியும் கற்ற பாடம் சிறிதோ? வுட்ஸ் அமைத்த மற்றொரு புதிர்ப்பாதையிலோ வருணனைகள் ஒன்று போலத் தோன்றும். ஆனால் சொற்களின் வரிசை மட்டும் இடத்திற்கு இடம் சிறிதே மாறியிருக்கும். சொல்லை உற்றுப் படிப்பவர் தப்பினார். மேலோட்டமாகக் கண்ணை ஓட்டியவர் சுற்றிச் சுற்றி மாய்ந்தார். மொழியாசிரியர் ஒருவர் வகுப்பறையில் ஆண்டு முழுதும் மன்றாடிக் கேட்கும் ஊன்றிய படிப்பை, அப்புதிர்ப்பாதை ஒரு மாலையில் பெற்றுவிட்டது.

இது ஒரு விளையாட்டின் தனிச்சிறப்பு அன்று. 1977இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நால்வர் தொடங்கிய 'சோர்க்' இம்மரபையே வளர்த்தது. 1981இல் வந்த 'விசார்ட்ரி' பத்து நிலைகள் கொண்ட பாதாளத்தை அமைத்தது. நிலை ஒவ்வொன்றும் இருபதுக்கு இருபது கட்டம். ஆடுபவரை அவர் அறியாமலே திசை திருப்பிவிடும் சுழல்கட்டங்களும் விளக்கு ஒளிராத இருட்கட்டங்களும் அதில் இருந்தன. ஆடுபவர் பென்சில் பிடித்திருக்கிறார் என்பதை அறிந்து, அப்பென்சிலோடு மற்போர் புரிந்த விளையாட்டு அது. 1980இல் அட்டாரி வெளியிட்ட படவடிவச் சாகச விளையாட்டில், அதனை உருவாக்கிய வாரன் ராபினெட் யாருமறியா அறை ஒன்றை அமைத்துத் தம் பெயரை உள்ளே பொறித்து வைத்தார். படைத்தோர் பெயரை அந்நிறுவனம் வெளியிடாத காலம் அது. மூலைமுடுக்கெல்லாம் துருவிய பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வறையைக் கண்டு நிறுவனத்திற்கு மடல் எழுதினான். ஆயத்த வரைபடத்தின் வழி நடந்திருந்தால் அவ்வறை அவன் கண்ணில் பட்டிருக்குமா?

வழி கூறலும் வழி பறித்தலும்

"வழி கேட்பது குற்றமா? அறிந்தவர் அறியாதவர்க்கு வழி கூறுதல் அறமன்றோ?" என்று எதிர்த்தரப்பார் வினவலாம். அறமே, அதனை மறுப்பார் இல்லை. தமிழர் அவ்வறத்திற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்தவர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்ப்படுபவனுக்கு வழி கூறுகிறான். மலைபடுகடாமோ வழியில் எதிர்ப்படும் இடர்களையும் விரிவாக எடுத்துரைக்கிறது. ஆயினும் இரண்டினை மறத்தலாகாது. வழி கூறுபவன் தானே நடந்து வந்தவன். கேட்பவனும் நடந்தே ஆதல் வேண்டும். கூறியவன் அவனைத் தோளில் தூக்கிச் செல்வதில்லை.

இவ்வேறுபாட்டைப் பழைய விளையாட்டு நிறுவனத்தார் அறிந்திருந்தனர். 'சோர்க்' வெளியிட்ட இன்போகாம் நிறுவனம், இடர்ப்படுவோர்க்குக் குறிப்பு நூல்களையும் விற்றது. அவற்றில் விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிடப்பட்டிருந்தன. தனி எழுதுகோலால் தேய்த்தால்தான் தெரியும். முதற்குறிப்பு சிறு தூண்டுதலாக இருக்கும். அதுவும் போதாதாயின் அடுத்தது சற்றுத் தெளிவாக இருக்கும். இறுதியிலேதான் முழு விடை. வினாக்களைப் படித்தே மறைபொருளை ஊகித்துவிடலாகாது என்று பொய் வினாக்களையும் இடையிடையே கலந்து வைத்தனர். கேட்பவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கொடுத்து, எஞ்சியதை அவர் அறிவுக்கு விட்டுவைத்த பெருந்தன்மை அது. 1987இல் வட அமெரிக்காவில் வெளிவந்த 'செல்டா' விளையாட்டின் பெட்டியில் ஒரு வரைபடமும் இருந்தது. ஆனால் அது நிலம் முழுவதையும் காட்டவில்லை. மீதியை ஆடுபவரே நிரப்ப வேண்டும். அதனைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோ, கியோட்டோவை அடுத்த சோனோபே என்னும் சிற்றூரில், வரைபடமின்றிச் சுற்றித் திரிந்து குகையும் ஏரியும் கண்ட தம் இளமையே அதற்கு வித்து என்று கூறியுள்ளார்.

இன்றைய அம்புக்குறி செய்வது யாது? அது நடக்காத ஒன்று கூறும் வழி. கேட்காத ஒருவருக்குக் கூறப்படும் வழி. எந்தக் கதவு, எந்தப் படி, எந்தத் திருப்பம் என்று ஓயாமல் அது சுட்டிக்கொண்டே இருக்கிறது. கண் அம்பைப் பார்க்கிறது, நிலத்தைப் பார்ப்பதில்லை. பத்து மணி நேரம் ஆடியவரிடம் "அந்த ஊரின் ஆறு எத்திசையில் ஓடுகிறது?" என்று கேட்டால் விழிக்கிறார். இஃது ஆற்றுப்படை அன்று. கண்ணைக் கட்டிக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லுதல்.

திரைக்கு வெளியேயும் இக்கேடு உண்டு. வண்டியில் வழிகாட்டும் கருவியை மிகுதியாகப் பயன்படுத்துவோர், கருவியின்றித் தாமே வழி காண வேண்டிய நிலையில் இடநினைவு குறைந்தவராய்க் காணப்பட்டனர் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் இருவர் 2020இல் வெளியிட்டனர். சிறு குழுவை வைத்துச் செய்த ஆய்வே ஆயினும், அது காட்டும் திசை கவலைக்குரியது.

எதிர்த்தரப்பாரின் வாதத்தில் நியாயம் ஒன்று உண்டு; அதனை மறைத்தல் முறையன்று. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வீடு திரும்பி, அரைமணி நேர ஓய்வில் ஆட விரும்புவோருக்கு அம்புக்குறி ஓர் உதவியே. 1986இல் வந்த 'மெட்ராய்ட்' வரைபடமின்றித் தவிக்கவிட்டது. 1994இல் வந்த 'சூப்பர் மெட்ராய்ட்' நடந்த வழியைத் தானே வரைந்து காட்டியது. பின்னதை எவரும் குறை கூறார்; ஏனெனில் அது பெரும்பாலும் நடந்ததை வரைந்ததே அன்றி, அடுத்து எங்கே செல்க என்று ஏவவில்லை. உதவி வேறு, ஏவல் வேறு. 2007இல் ஜப்பானில் வெளியான 'எட்ரியன் ஒடிசி' என்னும் விளையாட்டோ, தொடுதிரை ஒன்றைக் கட்டத் தாளாக்கி, ஆடுபவரே வரைபடம் வரைதலை விளையாட்டின் உயிராக வைத்தது. அது மக்களால் விரும்பப்பட்டுத் தொடர் வரிசையாகவும் வளர்ந்தது. பென்சிலை விரும்புவார் இல்லை என்ற கூற்று இதனால் பொய்யாயிற்று.

ஏக்கம் அளப்பதில்லை

இனி, இளமைக்கால விளையாட்டிற்கு மீளுதல் வெற்று ஏக்கமே என்னும் பழியை ஆராய்வோர், ஏக்கத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். ஏக்கம் மங்கலை விரும்பும். பழையன யாவும் பெரியன, பழையன யாவும் இனியன என்று மயங்கும். வரைபடமோ அளவை விரும்பும். எல்லையற்றுப் பரந்திருந்தது என்று இளமை நினைவு கூறும் 'செல்டா'வின் நிலப்பரப்பு, வரைந்து பார்த்தால் பதினாறுக்கு எட்டு, ஆக 128 திரைகளே. அளந்து பார்த்தவர்க்கு மயக்கம் தெளிகிறது. அம்மயக்கத்தைப் படைத்த கலைத்திறனும் விளங்குகிறது. சிறிய இடத்தைப் பெரிய உலகாக உணரச் செய்தது எது என்ற வினா அங்கேதான் பிறக்கிறது. ஏக்கம் அளப்பதில்லை, அளப்பது ஏக்கமும் ஆகாது.

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1881இல், ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஊர் ஒன்றில் தங்கியிருந்தபோது, தம் மனைவியின் மகனோடு பொழுதுபோக்காக ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார். அப்படத்திலிருந்தே 'புதையல் தீவு' என்னும் நாவல் பிறந்தது. நூல் அச்சுக்குச் சென்றபோது அம்முதற்படம் தொலைந்தது. எழுதிய கதையைச் சொல்சொல்லாக ஆராய்ந்து, தொலைவுகளைக் கணக்கிட்டு, அவர் வேறொரு படம் வரைய நேர்ந்தது. கதைக்கு அது முற்றும் பொருந்திற்று. ஆயினும் தமக்கு அது புதையல் தீவாகத் தோன்றவே இல்லை என்று 1894இல் அவர் எழுதினார். படைத்தவருக்கே நிகர்ப்படம் அயலாயிற்று என்றால், முன்பின் அறியாதோர் வரைந்த ஆயத்தப் படம் ஒருவரின் இளமைக்கு எவ்வாறு உரியதாகும்?

பன்னிரண்டு வயதில் வரைந்த தாள் ஒருவரிடம் எஞ்சியிருக்குமாயின், அவர் மீண்டும் ஆடிப் புதிதாக ஒன்றை வரைந்து இரண்டனையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். எந்த வாயிலை அன்று காணத் தவறினார், எந்த அச்சத்தால் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டார், எந்த இடத்தில் பிழையாகத் திரும்பினார் என்பன யாவும் அங்கே எழுதப்பட்டிருக்கும். வேறு எந்த ஏடு ஒரு சிறுவனின் சிந்தை சென்ற தடத்தை இத்துணைத் துல்லியமாகக் காட்டும்?

இத்தகைய மீள்பயணம் ஆராய்ச்சியாகவும் உயரும் என்பதற்குச் சான்று உண்டு. டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்ட கிரௌதரின் முதல் நிரலை, வுட்ஸ் ஸ்டான்போர்டில் வைத்திருந்த பழைய கணக்கின் காப்புப்படியிலிருந்து வெளிக்கொணரச் செய்தார். 2005இல் அவரே குகையாய்வாளருடன் நிலத்தடியில் இறங்கி, விளையாட்டின் சொற்களை உண்மைப் பாறைகளோடு ஒப்பிட்டார். 2007இல் அவர் வெளியிட்ட கட்டுரை, எது கிரௌதரின் குகை, எது வுட்ஸின் கற்பனை என்பதைப் பிரித்துக் காட்டிற்று. மூலபாடத்தையும் இடைச்செருகலையும் பிரித்தறியும் பதிப்பாசிரியரின் பணிக்கும் இதற்கும் வேறுபாடு யாது? ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தோரைப் போற்றும் தமிழுலகம், இதனைப் பிள்ளைமை என்று இகழ்தல் பொருந்துமா?

பூட்டிய கதவு

மீண்டும் செல்ல விரும்புவோர்க்கு மற்றொரு தடையும் உண்டு. அது கதவே பூட்டப்பட்டிருத்தல். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய வீடியோ விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலிருந்து ஆராய்வோர்க்கு வழங்க இசைவு தருக என்ற வேண்டுகோளை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது. ஆராய்ச்சி என்ற பெயரில் மக்கள் விளையாடி மகிழ்ந்துவிடுவர் என்பது எதிர்த்தோர் அச்சம். நூலகத்தில் நாவலைப் படிப்பவர் மகிழ்ந்துவிடுவாரே என்று அஞ்சி நாவலைப் பூட்டி வைப்பார் உண்டா?

விற்கவும் மாட்டோம், பிறர் காக்கவும் விடமாட்டோம் என்பது உரிமை அன்று. வைக்கோற்போரில் படுத்த நாயின் செயல். நல்வழியும் இல்லாமல் இல்லை. 'சோர்க்' வரிசையின் முதல் மூன்று விளையாட்டுகளின் மூலநிரலை, எவரும் படிக்கவும் பயன்படுத்தவும் தக்க உரிமத்தோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 நவம்பரில் வெளியிட்டது. அதனால் எவர்க்கும் இழப்பு நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஒன்று இயலுமாயின் நூறும் இயலும்.

ஆசிரியர் கையில் உள்ளது

இவை அனைத்தும் தொலைவிலுள்ள நாட்டாரின் செய்தி என்று ஆசிரியரும் மாணவரும் ஒதுக்கிவிடுதல் ஆகாது. சொற்களைப் படித்து இடத்தை மனத்திலே கட்டுதல் எந்த மொழிக்கும் உரிய பயிற்சி. தேர்வுக்குரிய குறிப்பேட்டை மட்டும் மனனம் செய்து, மூலநூலைத் திறவாமலே தேர்ச்சி பெறும் மாணவன், அம்புக்குறியைப் பின்பற்றி ஆடி முடித்தவனின் உடன்பிறப்பே. இருவரும் முடிவை அடைந்தனர்; இருவரும் வழியை அறியார்.

ஆசிரியர் ஒருவர் மலைபடுகடாத்தைக் கற்பிக்கும் நாளில், உரைக் குறிப்பைச் சற்றே மூடி வைத்து, மாணவர்க்கு ஆளுக்கொரு கட்டத் தாளும் பென்சிலும் கொடுக்கட்டும். கூத்தர் செல்லும் வழியில் எங்கே மலை, எங்கே ஆறு, எங்கே இடர், எங்கே ஊர் என்று பாட்டைப் படித்துப் படித்து அவர்களே வரையட்டும். கோடுகள் கோணும், சில கட்டங்கள் வெறுமையாக நிற்கும், ஒருவர் தாளும் மற்றவர் தாளும் ஒவ்வா. வகுப்பில் வழக்காடுவர், வழக்காடியவர் மீண்டும் பாட்டைத் திறப்பர். அத்தாள்களைத் திருத்திக் கசக்கி எறியாமல், நாள் குறித்து, பெயர் எழுதி அவர்களிடமே கொடுத்துவிடுதல் வேண்டும். முப்பது ஆண்டு கழித்து அவர்களுள் எவரேனும் அவ்வழிக்கு மீள விரும்பினால், புறப்படுவதற்கு அவர் கையிலே தாம் வரைந்த தாள் ஒன்று இருக்கும்.